கடலோரத்துக்கு எந்த ஆண்டு அம்பாசிடர்?

பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை காரைக்கால் பக்கத்தில் இன்னும் பலருக்கு இருக்கிறது. அந்தப் பேச்சை எடுத்தவுடன் வருகிற கேள்வி, எந்த வருஷத்து வண்டி என்பதுதான். அதற்கு வழங்கும் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: எவ்வளவு பழசோ அவ்வளவு மதிப்பு. மார்க் 1 கிடைத்தால் யோகம், மார்க் 2 கிடைத்தால் திருப்தி, மார்க் 3 என்றால் யோசிக்கலாம், மார்க் 4 வெறும் டாக்சி வண்டி. இந்த வரிசையை என்னால் ஏற்க முடியவில்லை. கடலும் வாய்க்காலும் சூழ்ந்த இந்த ஊரில், ஓட்டுவதற்கென்று ஒருவர் வாங்குவதானால், 1980களில் வந்த மார்க் 4 பெட்ரோல் வண்டியைத்தான் வாங்க வேண்டும். அதுவும் கடற்கரையில் காலம் கழிக்காத வண்டியாக இருக்க வேண்டும். என் நினைவும் சேர்ந்துதான் இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது. ஆனால் நினைவை மட்டும் நம்பி யாரையும் பணம் போடச் சொல்லக் கூடாது என்பதால் காரணங்களை எடுத்து வைக்கிறேன். எதிர்த்துச் சொல்லப்படுபவற்றில் சில வலுவானவை, அவற்றையும் மறைக்கப்போவதில்லை.

வம்சத்தை முதலில் பார்த்துவிடலாம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் அம்பாசிடரைச் செய்யத் தொடங்கியது. காரைக்காலின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நடந்தது. மார்க் 1இன் காலம் பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. முதலில் வந்த வண்டிகளில் 1476 சிசி சைடு வால்வு எஞ்சின் இருந்தது. 1959இல் அதை எடுத்துவிட்டு, பி.எம்.சி.யின் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தினார்கள். 1963 வாக்கில் நெருக்கமாகக் கட்டம் போட்ட கிரில்லோடு மார்க் 2 வந்தது, 1975இல் மார்க் 3. 1979இல் வந்த மார்க் 4க்குக் கிரில் சிறியது, கட்டங்கள் பெரியவை, பார்க்கிங் விளக்கு சதுரமானது. அதற்கடுத்து அதே வண்டியில் 37 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சினும் வந்தது. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் டீசல் கார் அதுதான். 1990இல் நோவா, பிறகு இசுசு எஞ்சின் பொருத்திய 1800 ஐ.எஸ்.இசட்., அதற்கும் பிறகு கிளாசிக், கிராண்ட், அவிகோ, என்கோர் என்று பெயர்கள் நீண்டு, 2014 மே மாதம் உத்தரபாராவில் உற்பத்தி நின்றது. 2017இல் அம்பாசிடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்கு பிரான்சின் பெஜோ குழுமம் வாங்கியது. பிரெஞ்சுத் தெருப்பெயர்களோடு வளர்ந்த எனக்கு அந்தச் செய்தி சற்றுக் கூடுதலாகவே மனத்தில் தைத்தது. இத்தனை பெயர்களுக்கும் அடியில் கூடு ஒன்றேதான். அரை நூற்றாண்டுக்கு மேல் முகத்தை மாற்றினார்கள், எஞ்சினை மாற்றினார்கள். கூரையும் கதவும் தரையும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. எந்த ஆண்டு என்ற கேள்விக்கான விடை பாதிக்கு மேல் இதிலேயே இருக்கிறது.

இந்த ஊரில் உண்மையில் வாழ்ந்த அம்பாசிடர் எது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மார்க் 1 நம் பக்கத்தில் பெரிய மிராசுகளின் வீட்டு வண்டி, அல்லது கடைத்தெரு முதலாளியின் வண்டி. கிராமத்துக்கு அது வந்தால் ‘பிளசர் வந்திருக்கு’ என்று பிள்ளைகள் பின்னால் ஓடும் காலம் அது. சாதாரணக் குடும்பங்கள் அம்பாசிடரில் ஏறத் தொடங்கியது பிந்திய காலத்தில், வாடகை வண்டியாக அது தெருமுனைக்கு வந்த பிறகு. பேரளத்திலிருந்து காரைக்கால் வரை ஓடிய மீட்டர் கேஜ் ரயில் 1987இல் நின்றுபோனது. நாகூரிலிருந்து அகலப் பாதை காரைக்காலுக்கு வந்து சேர்ந்தது 2011 டிசம்பரில்தான். இடையில் இருந்த ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஊருக்கு ரயிலே கிடையாது. சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக்கு வந்தவர்கள், நாகூர்க் கந்தூரிக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் போனவர்கள், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அவசரமாகக் கொண்டுசெல்லப்பட்ட நோயாளிகள், பிரசவத்துக்குப் போன பெண்கள், கல்யாணத்துக்குப் பெண்ணழைத்து வந்தவர்கள் என்று பஸ்ஸில் முடியாத எல்லாப் பயணத்தையும் சுமந்தது அம்பாசிடர். ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் இருந்ததால் முன்பக்கத்திலும் முழு சீட்டு. மூன்று பேர் உட்கார்ந்தார்கள், பின்னால் எத்தனை பேர் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அந்தக் கால் நூற்றாண்டைச் சுமந்தவை பெரும்பாலும் மார்க் 4உம் நோவாவும்தான். காரைக்காலின் நினைவுக்கென்று ஒரு ஆண்டு இருக்குமானால் அது 1960களில் இல்லை. மார்க் 1இன் அலைபோன்ற கிரில்லைப் படத்தில் பார்த்து நாம் கொள்ளும் பரவசத்தில் பாதி, வேறு ஊர்களிலிருந்து கடன் வாங்கியது.

நினைவை இங்கே நிறுத்தி இரும்புக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கடற்கரையில் எல்லாவற்றையும் முடிவு செய்வது இரும்புதான். அம்பாசிடருக்கு லாரியைப் போலத் தனிச் சேசிஸ் கிடையாது. கூடும் தரையும் ஒன்றாக வார்த்தெடுத்த மாதிரி பற்றவைக்கப்பட்டவை. வண்டியின் பலமே அந்தத் தகட்டில் இருக்கிறது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிபோன்ற பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், முன் சக்கரங்களைத் தாங்கும் டார்ஷன் பார்கள் பின்னால் வந்து பிடிக்கும் குறுக்குச் சட்டம், பின்பக்கப் பட்டைவில் மாட்டும் இடங்கள் ஆகிய நான்கும் அரித்துவிட்டால் மேலே எவ்வளவு பளபளத்தாலும் அது கார் இல்லை. காரைக்கால் நகரத்தின் நடுவிலிருந்து கடற்கரை சுமார் இரண்டு கிலோமீட்டர். உப்பு கலந்த காற்று தகட்டின் மேல் படிகிறது. இரவுப் பனியும் ஈரமும் அதைக் கரைத்து மடிப்புகளுக்குள் இறக்குகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீரை நிறுத்துகிறது. கதவின் அடியில் நீர் வடிய விட்ட துளைகள் மண்ணால் அடைபடும். தரையில் விரித்த ரெக்ஸின் விரிப்புக்குக் கீழே ஈரம் மாதக்கணக்கில் நிற்கும். துரு உள்ளிருந்துதான் வெளியே வருகிறது. பெயின்ட்டில் சின்னக் கொப்புளமாகத் தெரியும்போது உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். வண்டிக்கு அடியில் பழைய எஞ்சின் ஆயிலைப் பீய்ச்சி அடிக்கும் வழக்கம் நம் பக்கத்துப் பட்டறைகளில் வந்தது வெறும் சிக்கனத்துக்காக இல்லை. உப்புக்கு எதிராக அவர்கள் கையில் இருந்த மலிவான மருந்து அது.

ஆகவே ஒரு வண்டியின் ஆண்டு என்று சொல்லும்போது, ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் ஆண்டு மட்டும் போதாது. தண்ணீர் பார்த்த ஆண்டுகளையும் கேட்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையை அடித்தபோது அந்த வண்டி எங்கே நின்றது? 2011 டிசம்பரில் தானே புயல் புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் கரை கடந்தபோது? 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது? 2018 நவம்பரில் கஜா வேதாரண்யத்தை ஒட்டி ஏறி டெல்டாவையே புரட்டிப் போட்டபோது? சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு வெளியூர்களில் விலைபோனதை எல்லாரும் அறிவார்கள். நல்ல தண்ணீரில் மூழ்கிய வண்டியைக்கூடப் பிரித்துக் காயவைத்து மீட்கலாம். கடல்நீர் உள்ளே புகுந்த கூட்டை முழுமையாக மீட்க முடியாது. மடிப்புகளுக்குள் தங்கிய உப்பு ஒவ்வொரு மழைக்கும் மறுபடி வேலையைத் தொடங்கும். நம்பர் பிளேட்டும் இதில் முழுச் சாட்சி சொல்லாது. பிஒய்-02 என்றால் காரைக்காலில் பதிவான வண்டி, அவ்வளவுதான். வரி குறைவு என்பதற்காகப் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் பதிவு செய்துவிட்டு வேறு ஊரில் ஓடிய வண்டிகள் உண்டு. தமிழ்நாட்டு நம்பரோடு நம் கடற்கரையிலேயே காலம் தள்ளிய வண்டிகளும் உண்டு. கோயம்புத்தூர், சேலம், ஈரோடு, மதுரை என்று உலர்ந்த உள்நாட்டில், கூரைக்குக் கீழ் நின்ற வண்டியைத் தேடச் சொல்வதன் காரணம் இதுதான். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் கீழ்ப்பகுதியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பார்த்தால், தகடு எங்கே முடிகிறது, பட்டி எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானது. தகடுதான் எல்லாம் என்றால் ஆண்டைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்? கோவையில் உலர்ந்து நின்ற 1964 மார்க் 2, நாகப்பட்டினத்தில் நனைந்த 1986 மார்க் 4ஐ விட மேலானது இல்லையா? மேலானதுதான், சந்தேகமில்லை. ஆனால் உலர்ந்த 1964க்கும் உலர்ந்த 1986க்கும் இடையில் தேர்வு வரும்போது ஆண்டு மறுபடி பேசத் தொடங்குகிறது. இருபத்திரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்த தகட்டில் எத்தனை டிங்கரிங், எத்தனை ஒட்டு என்பது ஒன்று. அதைவிட முக்கியம், நாளை அது அரித்தால் என்ன செய்வது என்பது. கடலோரத்தில் வைத்திருக்கும் எந்தக் காரும் அரிக்கும். எவ்வளவு பாதுகாத்தாலும் பத்தாண்டுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கும் நாள் வரும். கதவும் தரையும் எல்லா அம்பாசிடருக்கும் ஏறக்குறைய பொது என்பதால் அவை பிரச்சினை இல்லை. முகம்தான் பிரச்சினை. மார்க் 1இன் பானெட்டும் கிரில்லும், மார்க் 2இன் விளக்கு வளையங்களும் இன்று கேட்ட இடத்தில் கிடைக்கிற பொருள்கள் இல்லை; கிடைத்தாலும் சொன்னதுதான் விலை. மார்க் 4இலிருந்து தொடங்கும் காலத்து வண்டிகள் எண்ணிக்கையில் மிக அதிகம். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகமும், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதியதும் தேடினால் இன்னும் பெரும்பாலானவை அகப்படும். உப்புக் காற்றில் வைத்திருக்கப்போகும் காரை, மறுபடி மறுபடி செப்பனிட முடிகிற ஆண்டிலிருந்து எடுப்பதுதான் அறிவு.

எஞ்சின் விஷயத்திலும் இதே நியாயம் தொடர்கிறது. 1489 சிசி பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சின் 1959இல் வந்தது. நோவா காலம் வரைக்கும் அதுவேதான். முப்பதாண்டுக்கு மேல் மாறாமல் ஓடிய ஒன்றைப் பற்றி டெல்டாவின் மெக்கானிக்குகளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. மயிலாடுதுறையிலோ கும்பகோணத்திலோ ஒரு லேத் பட்டறையில் அதற்கு போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டி, கிராங்க் ஷாஃப்ட்டைக் கடைந்து கொடுத்துவிடுவார்கள். வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், மூன்று மெயின் பேரிங் என்று எளிமையான அமைப்பு. அதற்கு வரும் நோய்களும் தெரிந்த நோய்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க நிறுத்தப்பட்டது. ஈயம் வால்வு உட்காரும் இடத்துக்கு ஒரு காப்பாக இருந்தது. அது போனதும் ஹெட்டிலேயே கடைந்த அந்த இடம் மெல்லத் தேயும், வால்வு உள்ளே இறங்கும், வண்டி இழுக்காது. கடினமான உலோகத்தில் சீட் செய்து ஹெட்டில் பொருத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இப்போது வந்திருக்கும் புது நோய் எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2025இல் எங்கும் வந்துவிட்டது. அது பழைய ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் பதம் பார்க்கும். நம் ஊரில் அதைவிடப் பெரிய ஆபத்து, எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைத்தால் டாங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். குழாய்களை மாற்றுங்கள், டாங்க்கை நிரப்பியே வையுங்கள், வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள் என்பதுதான் இதற்கு வழி. கடைசியாகச் சொன்னது முக்கியம்: ஓட்டப்படும் வண்டிதான் இங்கே பிழைக்கும். இதை நினைவில் வைத்துக்கொண்டால், அடுத்த மறுப்புகளுக்குப் பதில் சொல்வது எளிது.

டீசல் வண்டியை ஏன் ஒதுக்குகிறாய் என்று கேட்கலாம். தமிழ்நாட்டை விட எரிபொருள் வரி குறைவான ஊர் இது; எல்லை தாண்டி வந்து டாங்க்கை நிரப்பிப் போகிறவர்கள் உள்ள ஊர். ரயில் இல்லாத காலத்தில் நம்மைச் சுமந்தவை பெரும்பாலும் மார்க் 4உம் நோவாவும் என்று நானே சற்று முன் வாதாடியும் இருக்கிறேன்; அவற்றில் டீசல் மார்க் 4க்குத்தான் முதல் மரியாதை. அந்த மரியாதையை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் அந்த உழைப்பே அந்த வண்டிகளைத் தேய்த்துவிட்டது. டாக்சியாக லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, பத்துப் பேரை ஏற்றி, மேடு பள்ளத்தில் இறங்கி ஏறிய கூட்டில் வெடிப்பில்லாத இடம் குறைவு. 37 குதிரைத்திறனில் ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையை இழுத்த எஞ்சினும் அப்படித்தான். பலவற்றில் மூல எஞ்சினே இல்லை, வேறு வண்டியின் டீசல் எஞ்சினைத் தூக்கிப் பொருத்தியிருப்பார்கள். ஆர்.சி.யில் ஒரு எஞ்சின் எண், வண்டியில் வேறொன்று என்றால் பெயர் மாற்றமும் எஃப்.சி.யும் தலைவலி. பெட்ரோலாகப் பிறந்து பிறகு டீசலாக மாற்றப்பட்டவையும் நிறைய. பெட்ரோல் மார்க் 4 அப்படி இல்லை. டாக்டர்கள், வக்கீல்கள், கல்லூரிகள், ஆலைகள் என்று சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர்களிடம் இருந்தது அது. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் கையாண்ட விதத்தில் மென்மை. தேடக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இசுசு எஞ்சின் வண்டியைச் சொல்பவர்களின் வாதம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது ஓட்டுகிறவரின் வாதம். 1817 சிசி, 75 குதிரைத்திறன், ஐந்து கியர். சென்னைக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் போக வேண்டும், சிதம்பரம் தாண்டி அகலச் சாலையில் மற்ற வண்டிகளோடு ஒத்து ஓட வேண்டும் என்றால் அம்பாசிடர்களில் அதற்கு நிகர் இல்லை. ஒரே அம்பாசிடர்தான் வீட்டில், அதிலேயே நீண்ட பயணமும் போவேன் என்கிறவர் அதையே வாங்கட்டும்; நான் தடுக்கமாட்டேன். ஆனால் அந்த எஞ்சினை அம்பாசிடரோடு பகிர்ந்துகொண்டது முக்கியமாக கான்டெஸா கார்தான். கான்டெஸாவின் உற்பத்தி 2002இல் நின்றுவிட்டது. பி.எம்.சி. எஞ்சினுக்கு இருக்கும் அந்த அகலமான பாகக் களஞ்சியம் இதற்கு இல்லை. காரைக்காலிலிருந்து திருநள்ளாறு, நெடுங்காடு, அம்பகரத்தூர், வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூர், வேளாங்கண்ணி என்று நம் ஓட்டம் பெரும்பாலும் முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்குவது. சுமார் 160 சதுர கிலோமீட்டர் மாவட்டம் இது. வாய்க்கால் கரைச் சாலையில் ஐந்தாவது கியருக்கு வேலை இல்லை. மூன்றாவது கியரில், நெல் வயலுக்கு நடுவே, மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் பழைய எஞ்சின் இழுக்கும் இழுவைக்குப் பழகியவர்கள் அதற்கு மேல் கேட்பதில்லை. பிரேக் விஷயத்தில் மட்டும் பிந்திய வண்டிகளின் பக்கம் நியாயம் இருக்கிறது. பழையவற்றில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மழையில் நனைந்தால் முதல் மிதிக்குப் பிடிக்காது. முன்னால் டிஸ்க் பொருத்தலாம், அல்லது இடைவெளி விட்டு நிதானமாக ஓட்டலாம். எனக்கு இரண்டாவது போதும்.

மிகப் பெரிய மறுப்பு பணத்தைப் பற்றியது, சட்டத்தைப் பற்றியதும்கூட. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, மூல உருவம் பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கு அந்த அந்தஸ்து கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம்; புதிதாகப் பதிவானால் எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும். மார்க் 1உம் மார்க் 2உம் இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன, மார்க் 3 இப்போதுதான் தாண்டத் தொடங்கியிருக்கிறது, மார்க் 4க்கு இன்னும் ஆண்டுகள் இருக்கின்றன. ஆகவே பழசை வாங்கு, மதிப்பு ஏறும், சட்டமும் காக்கும் என்கிறார்கள். கணக்காகப் பார்த்தால் சரி. ஆனால் அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: விண்டேஜ் என்று பதிவான வண்டியைச் சாலையில் அன்றாடம் ஓட்டக் கூடாது, வணிகத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். கண்காட்சிகள் சென்னையிலும் கோவையிலும் நடக்கின்றன. நமக்கு அவை தூரம். அப்படியானால் அந்த வண்டி காரைக்காலில் ஷெட்டுக்குள் நிற்கும். நிற்கும் வண்டியை உப்புக் காற்று என்ன செய்யும் என்று மேலே சொன்னேன். மார்க் 4 சட்டத்தின் கண்ணில் இன்னும் சாதாரண மோட்டார் கார். எஃப்.சி. பார்த்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்து, 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆகியிருக்கிறது. சுமைதான். அந்தச் சுமையைக் கொடுத்து நாம் பெறுவது, நினைத்த நாளில் சாவியைத் திருப்பிச் சாலைக்கு இறங்கும் உரிமை. விலை ஏறட்டும் என்று வாங்குகிறவருக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. அவர் பொன் வாங்குவது இன்னும் சுலபம்.

இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். அவர்களிடம் வாதாடவே மனம் வராது. வீட்டில் இருந்த வண்டி 1968 மாடல், அதே ஆண்டுதான் வேண்டும் என்பவர்கள். பிரான்சில் குடியேறிவிட்ட காரைக்கால் குடும்பங்களிலும் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. பாசத்துக்கு ஆண்டு தெரியும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன்: அம்பாசிடரின் முகம் அதன் ஆண்டுக்குச் சாட்சி இல்லை. புது மாடல் வந்ததும் பழைய வண்டியின் முன்பக்கத்தை மாற்றிப் புதுசாகக் காட்டுவது அந்தக் காலத்தில் ஊர் முழுக்க நடந்தது. மார்க் 2 உடம்பில் மார்க் 4 கிரில் இருக்கும். இப்போது பழசுக்கு மவுசு வந்ததும் அதையே தலைகீழாகச் செய்கிறார்கள். பிந்திய வண்டிக்குப் பழைய கிரில் மாட்டி 1960களின் விலை சொல்கிறார்கள். தயாரித்த ஆண்டும் பதிவான ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதும் இல்லை. 1979இன் கடைசியில் வந்த மார்க் 3, ஆர்.சி.யில் 1980 என்று இருக்கலாம். சேசிஸ் எண்ணைச் சுத்தம் செய்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஆண்டைப் பற்றிய பேச்சைத் தொடங்க வேண்டும். பாசத்தோடு வருகிறவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

அம்பாசிடரே எதற்கு என்ற கேள்விக்கும் ஒரு வார்த்தை. சென்னை வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் 1971 வரை செய்த ஹெரால்டு காருக்குத் தனிச் சேசிஸ் உண்டு. கூட்டைக் கழற்றித் தூக்கிவிட்டு அடியைச் சுத்தம் செய்யலாம். கடலோரத்துக்கு உண்மையில் பொருத்தமான அமைப்பு அதுதான். ஆனால் அதன் பாகங்களைத் தேடியே ஆயுள் கழியும். பத்மினி நல்ல வண்டி, சிக்கனமானது. நம் ஊர்க் குடும்பத்தின் அளவுக்கு அது சிறியது.

உள்நாட்டிலிருந்து வாங்கினால் கடைசியாக ஒரு இழப்பு இருக்கிறது. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. கோயம்புத்தூருக்கும் காரைக்காலுக்கும் இடையில் ஒரே மொழி, ஒரே சாலை என்றாலும் சட்டப்படி அது வேறு மாநிலத்திலிருந்து வருகிற வண்டி. அங்கத்திய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருப்பதானால் புது எண் பெற வேண்டும். அந்த வண்டியோடு பிறப்பிலிருந்தே ஒட்டியிருந்த, 1980களின் பழைய மூன்றெழுத்துத் தமிழ்நாட்டு நம்பர் போய்விடும். இதற்காகவே பலர் வாங்கின வண்டியைப் பெயர் மாற்றாமல், உறவினர் பெயரில் தமிழ்நாட்டு முகவரியிலேயே வைத்துவிட்டு இங்கே ஓட்டுகிறார்கள். அது வேண்டாம். விபத்து நடந்தால் காப்பீடு தகராறாகும், உரிமையாளர் காலமானால் வாரிசுகளிடம் கையெழுத்துக்கு அலைய வேண்டும், புதுப்பிக்கும் காலம் வரும்போது ஒவ்வொரு முறையும் வண்டியை அங்கேயே ஓட்டிச் செல்ல வேண்டும். பழைய பிளேட்டைக் கழற்றிப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். வண்டிக்கு பிஒய்-02 எண்ணையே வாங்கிக்கொள்ளுங்கள்; மழைக்காலம் தொடங்குமுன், புரட்டாசிக்குள், அடித்தகட்டு வேலையை முடித்துவிடுங்கள்.